அம்மாவோடு கியோட்டோ: பஸ்ஸுக்கு முன்னால் ரயிலைப் பாருங்கள்

2024 நவம்பர். மேப்பிள் இலைகள் சிவந்துகொண்டிருந்த வாரம். ஜப்பானின் கியோட்டோவில் எங்களுக்கு அது இரண்டாவது நாள் காலை. ரயில் நிலையத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே இருக்கும் பஸ் நிலையத்தில், கியோமிசு கோயில் பக்கம் போகும் 206ஆம் எண் பஸ்ஸுக்காக நானும் அம்மாவும் வரிசையில் நின்றோம். வரிசை இரண்டு மடிப்பாகப் போயிருந்தது. முதல் பஸ் நிரம்பிக் கிளம்பிவிட்டது. இரண்டாவதில் நிற்க இடம் கிடைத்தது. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கம்பியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வழியில் ஒரு நிறுத்தத்தில் ஒரு பாட்டி காத்திருந்தார். கையில் காய்கறிப் பை வைத்த சின்னத் தள்ளுவண்டி. பின்கதவு திறந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. டிரைவர் மைக்கில் பணிவான குரலில் ஏதோ சொன்னார். பாட்டி தலையைத் தாழ்த்திவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். கதவு மூடியது. அந்த பஸ்ஸில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேமராவும் பயணப்பையுமாக எங்களைப் போல வந்தவர்கள்தான்.

"ஏங்கண்ணு, அவங்க ஊரு பஸ்ஸு இது. நாமெல்லாம் ஏறிக்கிட்டு அவங்கள நிக்க வெச்சுட்டமே" என்றார் அம்மா. கோயிலில் இருந்த நேரம் முழுக்க அந்தப் பாட்டியைப் பற்றித்தான் பேச்சு.

அன்று சாயங்காலம் தப்பு என்னுடையது. கியோன் என்ற பகுதியிலிருந்து கியோட்டோ ஸ்டேஷனுக்குத் திரும்ப அதே 206ஐப் பிடித்தேன். எண் சரி, திசை தவறு. 200 வரிசையில் இருக்கும் பஸ்கள் பெரும்பாலும் வட்டப் பாதையில் ஓடுபவை. ஒரே எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு இரண்டு திசையிலும் ஊரைச் சுற்றும். சாலையின் எந்தப் பக்கத்து நிறுத்தத்தில் நிற்கிறோம் என்பதுதான் முக்கியம். நாங்கள் ஏறியது வடக்கே போய், ஊரின் மேற்குப் பக்கமாக ஒரு பெரிய வளையம் போட்டு ஸ்டேஷனுக்கு வருவது. இருட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது மட்டும்தான் ஆறுதல். அரை மணி கழித்து பஸ் கிதாஓஜி என்ற பெரிய நிலையத்துக்குள் நுழைந்தபோது இறங்கிவிட்டோம். அங்கே இருந்த ஊழியரிடம் "கியோட்டோ ஸ்டேஷன்?" என்று கேட்டேன். அவர் கையால் கீழே காட்டினார். சுரங்க ரயில்! 260 யென், கால் மணி நேரத்துக்குள் ஸ்டேஷன். உட்கார்ந்துகொண்டே போனோம்.

அறைக்குப் போனதும் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். மீதி ஐந்து நாளையும் மாற்றி எழுதினேன். கியோட்டோவைப் பற்றிப் பேசும் எல்லோரும் பஸ்ஸிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன்: போகவேண்டிய இடத்துக்கு மிக அருகில் எந்த ரயில் போகிறது என்று முதலில் பாருங்கள். மீதி தூரத்தை நடக்க முடியுமானால் நடங்கள். முடியாவிட்டால் மட்டும் அந்தக் கடைசித் துண்டுக்கு பஸ் ஏறுங்கள்.

ஏன் அந்த ஊரில் பஸ்ஸுக்கு இவ்வளவு நெரிசல் என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. ஜப்பானிலேயே முதன்முதலில், 1895இல், பயணிகளை ஏற்றிக்கொண்டு தெருவில் மின்சார டிராம் ஓடியது கியோட்டோவில்தான். கார்கள் பெருகியபின் டிராம் பாதைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். 1978இல் நகராட்சி டிராம் முழுவதும் நின்றது. டிராம் ஓடிய தடங்களின் சுமை பஸ்களின் தலையில் விழுந்தது. முதல் சுரங்க ரயில் பாதையான கரசுமா 1981இல்தான் திறந்தது. கிழக்கு மேற்காகப் போகும் தோசாய் பாதை 1997இல். 794இல் தலைநகரான ஊர் அது. எங்கே தோண்டினாலும் பழைய காலத்து மண் வெளிப்படும், அகழாய்வு செய்யாமல் நகர முடியாது. ஆக, இன்றைக்கும் இரண்டே பாதைகள். வரைபடத்தில் பார்த்தால் ஒரு கூட்டல் குறி மாதிரி இருக்கும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஜேஆர், கேய்ஹான், ஹான்கியூ, ரான்டன் என்று மற்ற நிறுவனங்களின் ரயில்களையும் அதன்மேல் வைத்துப் பார்த்தால் ஊர் முழுவதும் கைக்கு எட்டிவிடும்.

நாங்கள் போன வழிகளைச் சொல்கிறேன். தங்கக் கோயில் கின்காகுஜிக்கு ஸ்டேஷனிலிருந்தே பஸ் உண்டு. கூட்ட நாளில் நின்றே போகவேண்டும். நாங்கள் சுரங்க ரயிலில் கிதாஓஜி வரை போய், அங்கிருந்து 205இல் ஏறினோம். பஸ் பயணம் கொஞ்ச நேரம்தான். கியோனுக்கு, ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் நாரா பாதையில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் தோஃபுகுஜி. அங்கேயே கேய்ஹான் ரயிலுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் கியோன் ஷிஜோ. நன்சென்ஜி கோயிலுக்கு தோசாய் பாதையில் கேஆகே. நிஜோ கோட்டைக்கு அதன் வாசலிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. நிஷிகி சந்தைக்கு ஷிஜோவில் இறங்கி நடந்தோம்.

கியோமிசு மட்டும் விதிவிலக்கு. பக்கத்தில் ரயில் இல்லை. கியோமிசு கோஜோ என்று பெயர் வைத்த கேய்ஹான் ஸ்டேஷனிலிருந்துகூட மேடேறிக் கணிசமாக நடக்கவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் கியோன் வரை ரயில், அங்கிருந்து டாக்ஸி என்பதுதான் என் யோசனை. டாக்ஸியின் பின்கதவை நாம் தொடக்கூடாது; டிரைவரே உள்ளிருந்து திறந்து மூடுவார். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2024 ஜூனில் சுற்றுலாவாசிகளுக்கென்றே விரைவு பஸ் தொடங்கியிருக்கிறார்கள். சாதாரண பஸ்ஸுக்கு 230 யென் என்றால் இதற்கு 500. ஸ்டேஷனில் புறப்பட்டால் கியோமிசுவுக்குக் கீழே இருக்கும் கோஜோசகாவில்தான் முதலில் நிற்கும். அதிகப் பணம் கேட்கிறார்களே என்று நினைக்கவேண்டாம். ஊர்க்காரர்களின் பஸ்ஸில் இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு.

அதே காரணத்துக்காகத்தான் பஸ்ஸுக்கு மட்டுமான ஒரு நாள் சீட்டையும் நிறுத்திவிட்டார்கள். 2023 செப்டம்பரோடு விற்பனை முடிந்தது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அதைத் தேடி அலையாதீர்கள். இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த ஒரு நாள் சீட்டு, 1,100 யென். 230 யென் பஸ்ஸில் ஐந்து முறை ஏறினால்தான் அதற்குச் சரியாகும். எங்களைப் போல ஒரு நாளைக்கு இரண்டு இடம் பார்த்து, நடுவில் ஓய்வெடுக்கிறவர்களுக்கு அது தேவைப்படாது. ஜப்பான் முழுக்க ஓடும் ஜேஆர் பாஸ் கியோட்டோ நகர பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் செல்லாது. அதன் ஏழு நாள் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000க்கு ஏறிவிட்டது. ஒரே ஊரில் தங்குகிறவர்கள் அதை நினைக்கவே வேண்டாம்.

எங்களுக்கு உதவியது, பணம் ஏற்றிவைத்துக் கேட்டில் தட்டிக்கொண்டு போகும் இகோகா கார்டுதான். கன்சாய் விமான நிலையத்தில் இறங்கியதும் வாங்கினோம். 2,000 யென் கொடுத்தால் 500 முன்பணமாகப் போய், 1,500 பயணத்துக்கு இருக்கும். குறைந்தால் ஸ்டேஷன் இயந்திரத்தில் நோட்டுப் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். ரொக்கம்தான் கேட்கும், கையில் ஆயிரம் யென் நோட்டுகள் இருக்கட்டும். டோக்கியோவில் வாங்கிய சுய்கா கார்டும் இங்கே செல்லும். ஆளுக்கு ஒரு கார்டு கட்டாயம் வேண்டும். உள்ளே போகும்போது தட்டியதை வெளியே வரும்போது தட்டித்தான் முடிக்க முடியும் என்பதால், ஒரே கார்டில் இரண்டு பேர் போக வழியில்லை. பணம் போதாவிட்டால் கேட் மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே மீதிக் கட்டணம் செலுத்தும் இயந்திரம் இருக்கும். பதறவேண்டாம், பின்னால் வருபவர்கள் சத்தமில்லாமல் அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் பதறியது வேறு இடத்தில். சுரங்க ரயில் என்று நினைத்து வேறொரு நிறுவனத்தின் கேட்டுக்குள் நுழைந்துவிட்டேன். திரும்பி வந்து தட்டினால் கதவு திறக்கவில்லை. உள்ளே போன ஸ்டேஷனிலேயே பயணம் செய்யாமல் வெளியேற கேட் விடாது. ஊழியர் நிற்கும் ஓரத்துக் கேட்டுக்குப் போய்க் கார்டை நீட்டினேன். அவர் வாங்கி ஏதோ செய்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். எந்தச் சிக்கலானாலும் அந்த ஓரத்துக் கேட்டுக்குப் போங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் பெயர்களில் இருக்கிறது. ஒரே இடத்தில் பூமிக்கடியில் இருக்கும் இரண்டு ஸ்டேஷன்களில் சுரங்க ரயில்காரர்களுடையது ஷிஜோ, ஹான்கியூகாரர்களுடையது கரசுமா. ஷிஜோ என்பது கிழக்கு மேற்குத் தெரு, கரசுமா என்பது வடக்கு தெற்குத் தெரு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் ஒவ்வொருவரும் குறுக்கே வரும் தெருவின் பெயரை வைத்துக்கொண்டார்கள். அராஷியாமாவுக்கு மூன்று ஸ்டேஷன்கள், மூன்றும் தனித்தனி இடத்தில். "அராஷியாமா ஸ்டேஷனில் சந்திப்போம்" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

தெருப் பெயர்களின் கணக்கு புரிந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். இச்சிஜோ என்றால் ஒன்றாம் தெரு, சன்ஜோ மூன்றாவது, ஷிஜோ நான்காவது, கோஜோ ஐந்தாவது, குஜோ ஒன்பதாவது. வடக்கிலிருந்து தெற்கே எண்ணிக்கொண்டு வருகிறது. கியோட்டோ ஸ்டேஷன் தெற்கே, ஏழாவது தெருவுக்கும் எட்டாவது தெருவுக்கும் நடுவில். பஸ்ஸில் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு, எண் குறைந்தால் வடக்கே போகிறோம் என்று தெரிந்துகொள்வேன். நிறுத்தங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு தெருக்களின் பெயரையும் சேர்த்தே வைத்திருப்பார்கள்: ஷிஜோ கவராமாச்சி என்றால் ஷிஜோவும் கவராமாச்சியும் சந்திக்கும் இடம். சுரங்க ரயில் ஸ்டேஷன்களுக்கு எழுத்தோடு எண்ணும் உண்டு. கியோட்டோ கே11, கிதாஓஜி கே04. அம்மா பெயர்களை விட்டுவிட்டு எண்களை மனப்பாடம் செய்துகொண்டார். மூன்றாம் நாளிலிருந்து எங்கே இறங்கவேண்டும் என்று எனக்கே அவர்தான் சொன்னார்.

ரயிலில் ஒரு எச்சரிக்கை. ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் நாரா பாதையில் இரண்டாவது நிறுத்தம், 150 யென். இதில் என்ன தவறு நடக்கும் என்று முதலில் வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டோம். அது மியாகோஜி என்ற விரைவு ரயில். தோஃபுகுஜியில் நின்றது, ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள் இருக்கும் அந்தக் கோயிலின் வாசல் ஸ்டேஷனை ஜன்னலில் காட்டிவிட்டு நிற்காமல் போய் ரொகுஜிசோவில்தான் நின்றது. எதிர் மேடைக்குப் போய்த் திரும்பி வந்தோம். ஃபுத்சூ என்றால் எல்லா இடத்திலும் நிற்கும் ரயில், கைசோகு என்றால் சில இடங்களைத் தாண்டும். சின்ன ஸ்டேஷனுக்குப் போகும்போது ஃபுத்சூவுக்குக் காத்திருங்கள். தொக்யூ என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். ஜேஆரில் தொக்யூ என்றால் தனிச்சீட்டு வாங்கவேண்டும், விமான நிலையத்திலிருந்து வரும் ஹருகா அப்படித்தான். ஹான்கியூவிலும் கேய்ஹானிலும் தொக்யூவுக்கு அதிகக் கட்டணம் கிடையாது, தனியாகக் குறித்த உயர்வகுப்புப் பெட்டிகளைத் தவிர.

கியோட்டோ ஸ்டேஷனின் மேடை எண்களும் வரிசையாக இருக்காது. பூஜ்யத்தில் தொடங்கிப் பதினான்கு வரை போகும், அப்புறம் முப்பதுக்குத் தாவும். அராஷியாமா பக்கம் போகும் ஜேஆர் ரயில்கள் 31 முதல் இருக்கும் மேடைகளில் மேற்குக் கோடியில் நிற்கும். கேட்டுக்குள் போனபிறகும் நல்ல நடை. முழங்கால் வலியோடு வருபவர்களுக்குப் பத்து நிமிடமாவது கூடுதலாக வையுங்கள். லிஃப்ட் எல்லா ஸ்டேஷனிலும் இருந்தது, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. மேடைத் தூணில் எந்தப் பெட்டிக்கு நேரே லிஃப்ட், எதற்கு நேரே படிக்கட்டு என்று படம் ஒட்டியிருப்பார்கள். ஏறும்போதே அதைப் பார்த்து ஏறினால் இறங்கியபின் மேடை நீளத்துக்கும் நடக்கவேண்டாம். இதை நான் நான்காம் நாள்தான் கவனித்தேன். முதல் நாளே தெரிந்திருந்தால் அம்மாவை எவ்வளவோ காப்பாற்றியிருப்பேன்.

அராஷியாமாவுக்கு நாங்கள் ஜேஆரில் போய், ரான்டனில் திரும்பினோம். 1910இல் தொடங்கிய சின்ன டிராம் ரயில் அது. ஒரு பெட்டி, சில நேரம் இரண்டு. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு வந்து, திடீரென்று கார்களுக்கு நடுவே தெருவில் ஓடும். எவ்வளவு தூரம் போனாலும் 250 யென். அதன் அராஷியாமா ஸ்டேஷனில், ரயில் நிற்கும் மேடையிலேயே வெந்நீரில் கால் வைத்து உட்காரும் தொட்டி இருக்கிறது. மூங்கில் காட்டில் நடந்த களைப்போடு அம்மா முழங்கால் வரை சேலையைச் சுருட்டிக்கொண்டு கால்களை உள்ளே விட்டார். இரண்டு ரயில்களைப் போகவிட்டோம். பயணத்தில் அம்மாவுக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால் இன்றும் அந்தத் தொட்டியைத்தான் சொல்வார்.

பஸ்ஸில் ஏறியே ஆகவேண்டிய நேரங்களும் வரும். பின்கதவில் ஏறி, முன்கதவில் இறங்கவேண்டும். இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் கார்டைத் தட்டினால் போதும். சில்லறையாகக் கொடுத்தால் சரியாக 230 போடவேண்டும், மீதி வராது. நோட்டை மாற்றும் இயந்திரம் அங்கேயே இருக்கிறது, பஸ் நிற்கும் நேரம் பார்த்து முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். ஊரின் விளிம்புக்குப் போகும் வழித்தடங்களில் 230 என்ற கணக்கு மாறும். அங்கே ஏறும்போதும் கார்டைத் தட்டவேண்டும். பெரிய பெட்டியோடு நகர பஸ்ஸில் ஏறவே ஏறாதீர்கள். ஸ்டேஷன் லாக்கரில் வையுங்கள், அல்லது விடுதிக்கு அனுப்பிவிடும் சேவையில் கொடுங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை மட்டும் விடச் சிரமப்பட்டோம். நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து வாசல் பக்கம் நகர்வது நம் கையில் ஊறியது. காந்திபுரத்தில் அப்படிச் செய்யாவிட்டால் இறங்க முடியாது. கியோட்டோவில் பஸ் முழுவதும் நின்றபிறகுதான் எழவேண்டும். அம்மா நடுவில் எழுந்தபோது டிரைவர் மைக்கில் மென்மையாகச் சொன்னார், பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் கையசைத்து உட்காரச் சொன்னாள். பொத்தானை அழுத்தியாகிவிட்டால் நாம் இறங்கும் வரை பஸ் காத்திருக்கும். அது தெரிந்தபின் அம்மா அவசரமே படவில்லை. வண்டிக்குள் போனில் பேசுவதில்லை என்பதையும் அவரே பார்த்துப் புரிந்துகொண்டார். தம்பி வீடியோவில் கூப்பிட்டபோது துண்டித்துவிட்டு, இறங்கியதும் பேசினார்.

ஐந்தாம் நாள் கின்காகுஜியிலிருந்து திரும்பும் 205இல் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு வயதானவர் கைத்தடியோடு ஏறினார். நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டார். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார், அம்மா உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். கடைசியில் நான் எழுந்து இருவரையும் அடுத்தடுத்து உட்காரவைத்தேன். அவர் ஜப்பானிய மொழியில் பேசினார், அம்மா தமிழில் பேசினார். கிதாஓஜி வரும்வரை இருவரும் முழங்காலைத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார்கள்.

கிளம்பும் நாள் இகோகா கார்டைத் திருப்பித் தரலாமா என்று யோசித்தேன். முன்பணம் 500 கிடைக்கும். மிச்சத் தொகையில் 220 யென் பிடித்துக்கொள்வார்கள், அதனால் மிச்சத்தைத் தீர்த்துவிட்டுத் தருவதே நல்லது. தராவிட்டாலும் கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து பத்து வருடம் வரை கார்டு உயிரோடு இருக்கும். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். அம்மா தன்னுடையதைக் கொடுக்கவில்லை. 340 யென் மிச்சத்தோடு, அவருடைய மணிபர்ஸில் ஆதார் கார்டுக்குப் பின்னால் இருக்கிறது.